ஜெயிலில் இருந்த மூன்று மாதம் சேருமா?

பொன்னுத்தாயி வாய்க்கால் கரையில் வருவது தெரிந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்ற பெண்கள் கையை நீட்டுவார்கள், நான் மாத்திரையைக் கொடுப்பேன், போய்விடுவார்கள். இவள் உட்கார்ந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "இது உள்ள போயி என்னா பண்ணும் நர்சம்மா?" என்று ஆரம்பிப்பாள். ஒன்றுக்குப் பதில் சொன்னால் அதற்குள்ளிருந்து இன்னொரு கேள்வியை உருவுவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். சாந்த சொரூபியாக இருந்த எந்த நர்ஸும் ஒரு ஊர் முழுக்க அம்மை குத்தி முடித்ததில்லை.

என் பெயர் ரசியா பேகம். நாகப்பட்டினத்துக்காரி. கழக ஆட்சி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, வேதாரண்யம் பஸ் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த கொத்தவாசல்குடியில் என்னை நர்ஸாகப் போட்டிருந்தார்கள். சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். மாதத்துக்கு இத்தனை லூப், இத்தனை ஆபரேஷன் என்று மேலேயிருந்து உத்தரவு. ஆள் பிடித்துத் தராத நர்ஸை மீட்டிங்கில் எழுப்பி நிறுத்தித் திட்டுவார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

பொன்னுத்தாயி நடவு ஆள்களுக்குத் தலைவி. அவள் இறங்கச் சொன்னால்தான் முப்பது பெண்கள் வயலில் இறங்குவார்கள். நாற்று முடியைப் பிரித்து வேரைப் பார்ப்பாள். சரியில்லை என்றால் மிராசுதார் நிற்கும்போதே கரையில் தூக்கி எறிவாள். நாலு பிள்ளை பெற்றவள். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்து, திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தது பெரிய காரியம். டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இன்னொரு முறை கர்ப்பமானால் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே என்னிடம் வந்தாள். "நாலு புள்ளைக்கும் நான் வேணும் நர்சம்மா. ஒரு வழி சொல்லுங்க" என்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், மாதக் கடைசி வேறு. "லூப் வச்சிடலாம், அஞ்சு நிமிஷம்" என்றேன். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"விசாரிச்சிட்டு வர்றேன்."

விசாரித்தாள் பாருங்கள், எந்தத் தாசில்தாரும் அப்படி விசாரித்திருக்க மாட்டான். நடவு வரிசையில் தினம் ஒருத்தி பக்கத்தில் நின்றுகொண்டு, குனிந்த வாக்கிலேயே வாயைக் கிளறியிருக்கிறாள். பத்து நாள் கழித்து வந்து என் மேஜைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வள்ளியம்மைக்கு நீங்கதான லூப்பு வச்சீங்க? மாசத்துல ஒம்பது நாளு தீட்டு. எனக்குத்தான் ஒடம்புல ரத்தமே இல்லன்னு டாக்டரம்மா சொல்லிச்சே. இருக்கறதும் போயிட்டா?"

ரத்தசோகைக்காரிக்கு லூப்பைச் சொன்னது என் அவசர புத்தி.

"தங்கம்மா மாத்திர முழுங்குறா. தல சுத்துது, வாந்தி வருதுங்குறா. நாலு நாளு முழுங்குறா, மூணு நாளு மறந்துடுறா. எனக்கோ வயித்துல புள்ள இருந்தப்பவே ரத்தக் கொதிப்பு. அது ஆவுமா?"

"ஆகாது" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிரோத்து?"

அதை அவள் கேட்காமலே இருந்திருக்கலாம். போன மாதம் வீட்டுக்கு வீடு நான் கொடுத்த நிரோத் உறைகளையெல்லாம் பிள்ளைகள் எடுத்து ஊதி, கூலி உயர்வு ஊர்வலத்தில் செங்கொடிக் கம்புகளில் கட்டிவிட்டிருந்தார்கள். தலைவர்கள் ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு கோஷம் போட்டபடி கடைத்தெரு முழுக்க நடந்தார்கள். ஊரில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

"வயித்தக் கீறுற ஆபரேசனு?"

"உடம்புல ரத்தம் ஊறணும். ஆறு மாசமாவது ஆகும்."

"ஆறு மாசத்துக்கு அந்த மனுசன எங்க கட்டிப் போடுறது?" என்றாள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அவள் விடவில்லை. "அப்ப அந்தாளுக்குத்தான் பண்ணணும். அதுல என்னா கெடுதி வரும்? மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். இரண்டு மூன்று நாள் வலி இருக்கும், கொஞ்சம் வீங்கும். கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் மூட்டை தூக்கக்கூடாது. சிலருக்குப் புண் ஆற நாளாகும்.

"அம்புட்டுத்தானா? நாலு பெத்ததுக்கு இது கொசுக்கடி" என்றாள்.

அந்த ஆள் மருதையன். ஊருக்கு நீர் பாய்ச்சுகிறவன். எந்த மடையை எப்போது திறப்பது, எவன் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவன் மண்வெட்டியில் இருந்தது. செங்கொடிச் சங்கத்தில் கொடி பிடித்து முன்னால் போகிறவனும் அவன்தான். போலீஸ் வேனைக் கண்டு பயப்படாதவன் என் பையைக் கண்டால் கரை மாறிப் போவான். இதற்குள் மிராசுதாரின் பண்ணையை நிர்வகிக்கும் காரியக்காரர் துரைராசுவுக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. களத்தில் பத்துப்பேர் மத்தியில் கேட்டார்.

"என்னடா மருதையா, ஒன் பொண்டாட்டி ஒனக்குக் காயடிக்கப் போறாளாமே? அப்புறம் கொடி நிக்குமாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். மருதையனுக்கு முகம் செத்துப்போனது. நெல் தூற்றிக்கொண்டிருந்த பொன்னுத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"காயடிச்ச மாடுதான்யா ஏரு உழுவுது. ஒங்க பண்ணையில பொலிகாளையப் பூட்டியா உழுவுறீங்க? அது தின்னுட்டுத் தெருவத்தான் சுத்தும்."

பண்ணையாரின் மகனைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் இல்லை. துரைராசு துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நான் மட்டும் தலையில் அடித்துக்கொண்டேன். நான் ஒரு வருஷமாகத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்ததே இது காயடிப்பு இல்லை என்றுதான். இவள் ஒரே பேச்சில் ஊர் முழுக்க அதை உறுதிப்படுத்திவிட்டாள்.

அன்று சாயங்காலமே மருதையனை மதகுக் கட்டையில் மடக்கினேன். "இங்க பாருங்க, காயத் தொடவே மாட்டாங்க. அதுலேருந்து வர்ற வாய்க்காலத்தான் கட்டுவாங்க" என்றேன். வாய்க்கால் என்றதும் ஆள் நிமிர்ந்தான்.

"எத்தன வாய்க்கா?"

"ரெண்டு."

"கட்டிட்டா தேங்குற தண்ணி எங்க போவும்? கரைய ஒடச்சிக்காதா?"

"ஒடம்பு உறிஞ்சிக்கும்."

"ஆசைகீச?"

"அதுக்கு வேற பாசனம்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தான். பக்கத்தில் நின்ற பொன்னுத்தாயிதான் வாயைத் திறந்தாள்.

"ஏய்யா, நீ மேல மடைய அடச்ச ஒடனே கீழ வயலுக்குத் தண்ணி நின்னுடுமா?"

"அது எப்புடி நிக்கும் புள்ள? வாய்க்கால்ல கெடக்கற தண்ணி வடியறவரைக்கும் பாயத்தான் செய்யும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஆபரேஷன் கேம்பில் நாங்கள் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. உள்ளே தங்கிய விந்து வடியும்வரை மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் வந்தவனும் எழுந்து போய்விடுவான் என்ற பயம். முந்தின வருஷம் பக்கத்து ஊர் அமிர்தத்தின் புருஷனுக்கு ஆபரேஷன் ஆகி, இரண்டாம் மாதமே அவள் கர்ப்பமானாள். எவனுக்கென்று கேட்டு அவளை அடித்து விரட்டினான். நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்வதற்குள் அவள் முன்பல் இரண்டு போயிருந்தது. அந்தப் பாவம் என்னுடையதுதான்.

அதனால் இந்த முறை முழுவதும் சொன்னேன். மூன்று மாதம் நிரோத், அதை ஊர்வலத்துக்கு விடக்கூடாது. மருதையன் ஒப்புக்கொண்டான். கேம்பில் ஆபரேஷன் முடிந்து, கையில் அங்கே பரிசாகக் கொடுத்த பிளாஸ்டிக் வாளியோடு கால்களை அகட்டி அகட்டி நடந்துவந்தான்.

புண் ஆறி இரண்டு நாள்கூட இருக்காது, நிலப் போராட்டம் வந்துவிட்டது. கோயில் தரிசில் சங்கத்து ஆள்கள் இறங்கிக் கொடியை நட்டார்கள். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. மருதையனுக்குத் திருச்சி ஜெயிலில் மூன்று மாதம். ஊரே அழுதுகொண்டு வேனை மறித்தது. பொன்னுத்தாயியும் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என் காதில் கிசுகிசுத்தாள்.

"சர்க்காரு ரொம்பப் பொறுப்பாத்தான் இருக்கு நர்சம்மா. ஆபரேசனையும் பண்ணிட்டு, மூணு மாசத்துக்கு அவங்களே பூட்டி வச்சிக்கிறாங்க."

அழுகிற கூட்டத்தில் எனக்கு மட்டும் சிரிப்பு வந்து, நாலுபேர் என்னை முறைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மருதையன் கழுத்தில் மாலையோடு வந்து இறங்கினான். மறுநாள் விடிந்தும் விடியாமலும் பொன்னுத்தாயி என் கதவைத் தட்டினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரவு முழுக்க அவனை வாசலில் படுக்க வைத்துவிட்டாளாம்.

"நர்சம்மா, ஜெயில்ல இருந்த மூணு மாசம் சேருமா?"

"ஏன் சேராது?"

"மடைய அடச்சாச்சு, சரி. இருந்த தண்ணிய யாரு வடிச்சா? அது அப்புடியேதான கெடக்கும்?"

டிரெயினிங்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கேள்வி சரிதான். டெஸ்ட் பண்ணாம நான் சொல்ல மாட்டேன். ஆளைக் கூட்டிட்டு வாங்க."

மருதையனிடம் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னதும், திரும்ப ஜெயிலுக்கே போய்விடுகிறேன் என்றான். பொன்னுத்தாயி அவன் முதுகில் கை வைத்துக் கக்கூஸ் பக்கம் தள்ளிவிட்டாள். பாட்டில் உள்ளே போனது. ரிசல்ட்டை வாங்க அவன் லேப் ஜன்னலுக்குப் போனான். நானும் அவளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

அரை மணி நேரம் ஆயிற்று. ஆள் வரவில்லை. பொன்னுத்தாயி வெற்றிலைகூடப் போடவில்லை. "இருக்குன்னு சொல்லிட்டாங்க போல. அதான் மூஞ்சில முழிக்க மாட்டாம நிக்கிது" என்றாள். அத்தனை நாளில் அவள் பயந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். எனக்கும் பயமாக இருந்தது. மாட்டு வண்டியில் அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் நான்தானே.

பொறுக்க முடியாமல் உள்ளே போனோம். லேப் ஜன்னலுக்கு எதிரே மருதையன் கைகளை ஒட்டவைத்துக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை வராந்தாவைத் தாண்டிப் போயிருந்தது.

"என்னாய்யா சொன்னாங்க?"

"பேரக் கூப்பிட்டாரு. வந்தேன். சீட்டப் பாத்துட்டு 'நில்'லுன்னாரு. நிக்கிறேன்."

"யோவ், எத்தன வாட்டி சொல்றது, போய்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினார் லேப்காரர்.

"மொதல்ல நில்லுங்குறாரு, அப்புறம் போங்குறாரு" என்று மருதையன் என்னிடம் முறையிட்டான். ஜெயிலில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவன், அதிகாரி நில் என்றால் நிற்காமல் என்ன செய்வான்?

நான் ஜன்னலில் கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷில் மூன்றே எழுத்து. ஒன்றுமில்லை என்பதற்கு அவர்கள் பாஷையில் நில்.

"ஒண்ணுமில்ல பொன்னுத்தாயி! ஒண்ணே ஒண்ணுகூட இல்ல!"

அவள் சிரிப்பாள், அவனை நாலு வார்த்தை கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்த வராந்தாவில், வரிசையில் நின்றவர்களின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். மருதையன் பதறிப்போய் அவள் பக்கத்தில் குந்தினான்.

"ஏ புள்ள, இல்லன்னுதான சொல்றாங்க, எதுக்கு அழுவுற?"

அவள் தலைப்பை விலக்காமலே சொன்னாள். "சின்னவளுக்குத் தல பின்னிவிட நான் இருப்பேன்யா."