வெள்ளை போர்டு கார்

கார் வாங்கி வாடகைக்கு விடலாமா என்று என்னிடம் யோசனை கேட்பவர்கள் உண்டு. ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வண்டியை ஓட்டிப் பிழைப்பவள் என்பதால் கேட்கிறார்கள். வாடகைக்கு விடுவதென்றால் முதல் நாளே மஞ்சள் போர்டு மாட்டுங்கள், பெர்மிட் எடுங்கள், வாடகை வண்டிக்கு உரிய இன்சூரன்ஸ் போடுங்கள் என்பேன். முடியாது என்றால் உங்கள் வீட்டு ஆட்களை மட்டும் ஏற்றுங்கள். வெள்ளை போர்டை வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்று இழுக்காதீர்கள். இதைச் சொல்லும்போது என் குரல் தானாக ஏறிவிடுகிறது. கேட்டவர் எதற்கு இவ்வளவு கோபம் என்று முழிப்பார்.

கோபம் என் அப்பாவின் மேல்.

அவர் ரிக் வண்டியோடு வடக்கே போய்ப் பல வருடம் போர்வெல் போட்டவர். எருமப்பட்டிக்குத் திரும்பிவந்த கையோடு ஒரு புதுக் கார் வாங்கினார். அதை அவர் பார்த்துக்கொண்ட விதத்தில் இன்றுகூட என்னால் குறை கண்டுபிடிக்க முடியாது. ஆயில் மாற்றும் கிலோமீட்டர் வருவதற்கு முன்பே வண்டி நாமக்கல்லில் சர்வீஸுக்கு நிற்கும். வாரம் தவறாமல் காற்றுப் பிடிப்பார், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. ஓடாத நாளிலும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார், பேட்டரி இறங்கக் கூடாது என்று. எச்சம் பட்டால் பெயிண்ட் போய்விடும் என்று எந்த மரத்தடியிலும் நிறுத்த மாட்டார். சீட்டின் மேல் கம்பெனி போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை யாரையும் கழற்ற விடவில்லை. அந்த உறையைத் தவிர மற்றதையெல்லாம் நானும் இன்றுவரை செய்கிறேன். காரின் ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்த மனிதர், நான் வாரத்தில் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகிறேன் என்று மட்டும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. என்னைப் போகவிடாமல் செய்தவரே அவர்தான்.

வண்டி சும்மா நின்றால் கெட்டுப்போகும் என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வாடகைக்கு விட ஆரம்பித்தார். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் தன் வயதான தகப்பனாரோடு இருந்தார். தகப்பனாருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் சேலத்துக்குக் கூட்டிப்போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். காலை ஒன்பதரை மணி அவருடைய முறை. நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த ஆளைப் படுக்கவைத்துவிடுவார்கள். அப்பா அவர்களுக்கு மாத வாடகை பேசிக் காரை விட்டார், தானே ஓட்டுவதாக.

சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால் செக்கிங்கில் பிடிப்பார்கள். அதற்கு அப்பா கண்டுபிடித்த வழி நான். முன் சீட்டில் வீட்டுக் குழந்தை உட்கார்ந்திருந்தால் அது குடும்ப வண்டி. பெரியவர்கள் பொய் சொன்னாலும் பத்து வயதுப் பெண் சொல்ல மாட்டாள் என்று நம்புவார்கள். நாமக்கல் தாண்டும்வரை எனக்கு ஒத்திகை நடக்கும். பின்னால் இருப்பது யார் என்று அப்பா கேட்பார். அத்தைங்க என்பேன். பக்கத்தில்? தாத்தாங்க. எந்த வகையில் அத்தை? அப்பாவுக்குத் தங்கச்சி முறைங்க. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் அவரை அத்தை என்றே எழுதுகிறேன், வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

வாரத்தில் இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல் என்று அம்மா லீவு லெட்டர் எழுதுவாள். உனக்கு வருவது செவ்வாய்க் காய்ச்சலா வெள்ளிக் காய்ச்சலா என்று டீச்சர் ஒருநாள் கேட்டார். வகுப்பே சிரித்தது.

அந்த வெள்ளிக்கிழமை முழு ஆண்டுப் பரீட்சை, கணக்கு. எனக்கு வந்த ஒரே பாடம் அதுதான். முதல் நாளே அப்பாவிடம் சொல்லியிருந்தேன். காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பரிச்ச அடுத்த வருசமும் வரும் சாமி. அவருக்கு மிசினு இன்னைக்கித்தான். ஏறு."

அவர் சொன்னது உண்மை என்பதுதான் என்னை இன்றும் எரிய வைக்கிறது. அந்த உண்மைக்குப் பின்னால் அவர் மஞ்சள் போர்டுக்குக் கட்ட வேண்டிய வரியை ஒளித்துவைத்திருந்தார்.

சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜீப் நின்றது. கை காட்டினார்கள். வாகன ஆய்வாளரோடு நாமக்கல் டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர் ஒருவரும் தன் காரை ஓரமாகப் போட்டுவிட்டு நின்றிருந்தார். எங்கள் காரைப் பார்த்ததும், இந்த வண்டிதான் என்று விரலை நீட்டினார். அப்பா இறங்கி, சொந்தக்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

"ஏனுங்க, வாரத்துக்கு ரெண்டு வாட்டி போறீங்களே, சொந்தக்காரங்களுக்கு ஓடறதுக்கேவா காரு வாங்குனீங்க?" என்றார் டாக்ஸிக்காரர். "நாங்க டாக்ஸு கட்டி, எஃப்.சி. காட்டி, ஸ்டாண்டுல ஈ ஓட்டிக்கிட்டு இருக்கறோம்."

இன்று அந்த இடத்தில் நின்றால் நான் அவர் பக்கம்தான் பேசுவேன்.

ஆய்வாளர் குனிந்து என் ஜன்னலில் முகத்தை வைத்தார். வெயிலில் பிளாஸ்டிக் உறை தொடையோடு ஒட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வகுப்பில் விடைத்தாளுக்கு மார்ஜின் போட ஆரம்பித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"பின்னாடி இருக்கறவங்க யாரு பாப்பா?"

"வாடகைக்கு வந்தவங்க," என்றேன். "அத்தைன்னு சொல்லச் சொல்லி அப்பாதான் சொல்லிக் குடுத்தாங்க."

அப்பா சிரித்தார். குழந்தை விளையாடுகிறது என்றார். என் பக்கம் திரும்பி, "சாமி, அத்தைன்னு சொல்லு" என்றார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அதற்கு மேலும் அவர் விடவில்லை. ஆதார் கார்டில் ஒரே ஊர் இருக்கிறது பாருங்கள் என்றார். யாருக்கோ போன் போட்டார். கட்சிக்காரர் பெயர் ஒன்றைச் சொன்னார், பிறகு கும்பிட்டார், பிறகு டாக்ஸிக்காரரோடு சண்டைக்குப் போனார். அரை மணி நேரம் அப்படியே போனது. பின் சீட்டில் தாத்தா வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் இருந்தது. அத்தை செல்போனைத் திறந்து மணி பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் கதவைத் திறந்து இறங்கினார்.

"புள்ள சொல்றது நெசந்தானுங்க. மாச வாடகை. எழுதிக்கங்க."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. வாங்கிய வண்டியை விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அத்தை அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டு, நல்ல புள்ள என்றார். அடுத்த நொடியே டாக்ஸிக்காரரிடம் திரும்பினார்.

"உங்க வண்டி சேலம் வருங்களா?"

அவர் ஓடிப்போய்த் தன் வண்டியின் கதவைத் திறந்தார். அவரும் ஆய்வாளருமாகத் தாத்தாவை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். கடந்துபோகும்போது தாத்தா என்னைப் பார்த்து, "வாரேன் சாமி" என்றார். எப்போதும் சொல்வதுதான். டாக்ஸி போய்விட்டது.

அன்று அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவருடைய இடத்தில் வேறொருவர் படுத்திருந்தார். மாலைவரை காத்திருந்தும் இயந்திரம் கிடைக்கவில்லை. மறுநாள் மூச்சு விட முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த முறை பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் அந்த டாக்ஸியில்தான் போனார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது நான் படிப்பை விட்டு, வீட்டை விட்டு, வேறு ஏதோ ஊரில் இருந்தேன். என் பரீட்சையும் போனதுதான். அதை யாரும் திருப்பி வைக்கவில்லை.

காரை ஆய்வாளர் பிடித்து வைத்துக்கொண்டதால் அப்பாவும் நானும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிக்கப்போகிறார் என்று நாமக்கல்வரை காத்திருந்தேன். அடிக்கவில்லை. அது எனக்குத் தைரியம் கொடுத்தது.

"நான் சொன்னதுதான் நெசம்னு அத்தையே சொல்லிட்டாங்கல்ல?" என்றேன்.

"ஆமா சாமி," என்றார் அப்பா. கம்பியிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர்களுக்கு நடுவில் ஒருத்தியாவது நியாயத்தின் பக்கம் நின்றாள், அதுவும் எனக்காக நின்றாள் என்று நினைத்தேன். அப்பா வாதாடிக்கொண்டே இருந்தால் தாத்தாவின் முறை போய்விடும், பேச்சை முடிக்க அத்தைக்கு இருந்த ஒரே வழி அதுதான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. யூனிஃபார்மின் சுருக்கத்தை நீவிவிட்டு, ஜெயித்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.