இடிக்குப் பயந்து பிடுங்கிய பிளக்

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், லுணுகலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், நடந்தது இது. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் மகள் லீவில் வந்திருந்தாள். பேட்டரி செத்த அவளுடைய லேப்டாப்பில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் அதை அனுப்பியாக வேண்டும். "மூணு நாள் நிக்காம ஓடணும்பா, கம்ப்யூட்டரத் தொட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

பின்னேரம் இடி இடித்தது. இடி கேட்டால் எங்கள் லயத்தில் எல்லார் கையும் தானாகப் பிளக்குக்குப் போகும். நானும் பிடுங்கினேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. திரை கறுத்ததும்தான் பேட்டரி செத்தது ஞாபகம் வந்தது. அவசரமாகத் திரும்பச் சொருகினேன்.

நனைந்து வந்தவள், "கரண்ட் போச்சாப்பா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு யாரிடமும் லேசில் வாய் வராது.

அவள் சீக்கிரம் முடிகிற மாதிரி கணக்கை மாற்றிப் போட்டாள். மறுநாள் காலை திரை முழுக்கச் சுழி சுழியாக இருந்தது. அணுக்களைக் கடுமையாகக் குளிர வைத்தால், ஒரு கட்டத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே அலையாகிவிடுமாம். சட்டென்று குளிர வைத்தால் அங்கங்கே தனித்தனியாகச் சேர்ந்து, இடையில் இப்படிச் சுழிகள் நின்றுவிடுமாம். மெதுவாகக் குளிர வைத்தால்தான் சுழி குறையுமாம்.

நான் ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கிறவன். "சூட்டைச் சட்டுனு கூட்டினா மேல காஞ்சிரும், உள்ள ஈரம் நிக்கும். அது மாதிரியா?" என்றேன்.

"அதேதாம்பா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"கரண்ட் போகலம்மா. நான்தான் புடுங்கினேன்."

திரும்பித் திரையைப் பார்த்தாள். "திரும்பவும் கரண்ட் போயிரும்னு பயந்துதானேப்பா வேகமாப் போட்டேன்? இப்ப மெதுவாக் குளிர வச்சா திங்கக்கிழமைக்கு மட்டுமட்டாத்தான் முடியும்."

இடி தினமும் வரும். கோயில் மைக்செட்டுக்கு வைக்கும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் தோட்டத் தலைவர் வீட்டில் இருந்தன. அந்த வாசலை இரண்டு தரம் கடந்து போனேன். மூன்றாம் தரம் கேட்டுவிட்டேன்.

"அட, நீ பேசுவியாய்யா? இதுக்கே குடுக்கலாம், தூக்கிட்டுப் போ" என்றார்.

லேப்டாப்பை அதில் மாட்டினோம். இடி கேட்டபோதெல்லாம் பேட்டரியின் சார்ஜரை மட்டும் பிடுங்கினேன். மூன்று நாளும் சரியாக உட்காரவும் இல்லை, தூங்கவும் இல்லை. திங்கட்கிழமை விடிந்தபோது திரையில் ஒரேயொரு சுழிதான் இருந்தது.

இன்றும் இடி இடித்தால் என் கை பிளக்குக்குத்தான் போகிறது. ஆனால் பிடுங்கியதை விட, அன்று ஆட்டிய தலைதான் இன்னும் உறுத்துவதால், "நான்தான் புடுங்கினேன்" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுகிறேன்.