வலது பட்டனில் ஒட்டிய டேப்

நான் ஆக்குபேஷனல் தெரபி படித்தவள். "பிசியோவா?" என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லியே வாய் வலித்த படிப்பு. அடிபட்டவரை மறுபடி சாப்பிட, சட்டை போட, வேலைக்குப் போகப் பழக்குவோம். ஆளால் முடியாவிட்டால் பொருளை அவருக்கு ஏற்றபடி மாற்று என்பார்கள் வகுப்பில். அதை வேதவாக்காக நம்பினேன்.

கடைசி வருடப் பயிற்சிக்கு ஒரகடம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்து இளைஞன் ஒருவன் என் பொறுப்பில் வந்தான். கார் பாகம் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் வலது கை சிக்கி மூன்று விரல்கள் மடங்கவில்லை. இரண்டு மாதம் பழக்கினேன். "தேவையான மாற்றங்களோடு வேலை தரலாம்" என்று நான் எழுத, எனக்குப் பொறுப்பான தெரபிஸ்ட் மேடம் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, நீங்க எழுதுன மாதிரியே மாத்திட்டாங்க. அதே பிரஸ்தான். ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும்லா? வலது பட்டன அமுக்குனபடியே வச்சு சூப்பர்வைசரே டேப்பை ஒட்டிட்டாரு. இப்ப இடது கை மட்டும் போதும்."

மெஷின் இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்றுதானே இரண்டு பட்டன்! அவன் போனிலேயே சூப்பர்வைசரைப் பிடித்தேன்.

"நீதானம்மா மாத்தச் சொல்லி எழுதிக்கீறே? மாத்தியாச்சு. இன்னும் இன்னா?"

என் வார்த்தையை வைத்தே என் வாயை அடைத்தான். அந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. "இவரைப் பிரஸ்ஸில் நிறுத்தவே கூடாது" என்று புதிதாக எழுதினேன். "படிக்க வந்த இடத்துல உனக்கு ஏன் வம்பு?" என்றபடியே மேடம் கையெழுத்துப் போட்டார். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"பிரஸ்ல நிக்கக் கூடாதுன்னா வேற வேலை இல்லன்னு அனுப்பிட்டாங்கக்கா. ஊருக்குப் போறேன்."

"அந்த டேப்பையாவது எடுத்தாங்களா?" என்றேன்.

"இல்லக்கா. வேற ஆளு நிக்கான். அவனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. டேப்போட ஓட்டுனா மணிக்கு பீஸ் கூடுதலா வருதாம்."