கத்திரிச்செடிக்கு ஒரு நோட்டீஸ்

எங்கள் குடியிருப்பில் மூன்று தளங்கள், ஆறு வீடுகள். பெரம்பலூரில் பெரும்பாலோர் தனி வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருவருடைய தரை இன்னொருவருடைய கூரை என்னும் உண்மை எங்களுக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின. பட்டம் பெற்றவன் என்ற ஒரே தகுதியில் என்னைச் சங்கச் செயலாளராக்கினார்கள். நானும் அப்பதவியை மிகவும் மதித்து, முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானத்தை எழுதி வாசித்தேன்: 'ஒரு வீட்டில் நீர் கசிந்தால் அதற்கு நேர் மேலே இருப்பவரே பொறுப்பு, சீரமைப்பும் அவரைச் சேர்ந்ததே.' எல்லோரும் கைதட்டினார்கள். மேல்தளத்தில் இருந்த செவிலியர் மட்டும் கைதட்டலில் ஒரு கணம் பிந்தியதை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

ஆறு மாதம் கழித்து, முதல் தளத்தில் இருக்கும் என் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. அதற்கு நேர் மேலே அந்தச் செவிலியரின் வீடு. மீன்சுருட்டிப் பக்கத்தைச் சேர்ந்தவர். பிளஸ் டூ படிக்கும் மகளோடு வாடகைக்கு இருந்தார். வீட்டின் உரிமையாளர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர், வேலை துபாயில். கடமை தவறாத நான் கூரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"வாடகைக்கு இருக்குறவங்க தண்ணிய அள்ளிக் கொட்டிருப்பாங்க சார். நான் இங்கேருந்து என்னத்தப் பாக்குறது? இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிடுறேன். இன்ஷா அல்லாஹ் லீவுல வந்து வேலையப் பாத்துக்குறேன்."

நான் எழுதிய ஒற்றை வரி ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் போகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது இங்கே எளிதன்று. காரணம் தெரியும்வரை பொறுக்குமாறு கெஞ்சி, பத்து நாள் அவகாசம் வாங்கினேன்.

தரைத்தளத்தில் அரியலூர்க்காரர் ஒருவர் இருந்தார். சிமெண்ட் ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; உலகில் கான்கிரீட் சம்பந்தப்படாத விஷயம் இல்லை என்பது அவர் கொள்கை. என் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையை ஆராய்ந்து, தீர்ப்புச் சொன்னார்.

"பாத்ரூம்தான் தம்பி. சந்தேகமே வேணாம். சொட்டு நீலத்தக் கலந்து மேல ஊத்துங்க. இங்க நீலமா எறங்கும்."

ஊற்றினோம். அடுத்த இரண்டு நாள்கள் அவர் காலையும் மாலையும் வந்து, தேநீரோடு என் அறையில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தார். கூரையில் பழைய மஞ்சள் கறையைத் தவிர ஒன்றும் இல்லை.

"நீலம் டூப்ளிகேட்டு," என்றார்.

மூன்றாம் நாள் குரும்பலூரிலிருந்து கொத்தனார் வந்தார். செவிலியரின் வீட்டில் நுழைந்தவர் குளியலறைப் பக்கமே போகவில்லை. கூடத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அங்கே ஒன்றையொன்று உரசிக்கொண்டு மூன்று தினசரிக் காலண்டர்கள் தொங்கின. மூன்றும் மூன்று வெவ்வேறு தேதிகளைக் காட்டின.

"ஏம்மா, உங்க வூட்டுல ஒரே நாள்ல மூணு தேதியா?"

கொத்தனார் நடுக் காலண்டரைத் தூக்கினார். பின்னால் சுவர் ஊறிப் பொரிந்திருந்தது. ஈரம் கூரையிலிருந்து தொடங்கித் தரைவரை இறங்கியிருந்தது. செவிலியர் முந்தானையைத் திருகினார்.

"தீவாளிலேருந்தே இருக்குண்ணே. சொன்னா காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு மறைச்சு வெச்சேன். ஈரம் பெருக்கப் பெருக்க காலண்டர் வாங்கிட்டே இருந்தேன்."

நேர் மேலே இருப்பவரே பொறுப்பு. அவருக்கு நேர் மேலே இருந்தது மொட்டைமாடி. கொத்தனாரோடு படியேறினேன். அங்கே இருபது பைகளில் கத்திரியும் வெண்டையும் செழித்திருந்தன. நஞ்சில்லா உணவைப் பற்றி நீண்ட உரையாற்றி அந்தத் தோட்டத்தை அமைத்தவன் நான்; அன்றாடம் இரு வேளை தண்ணீர் ஊற்றி, காய்களை ஆறு வீட்டுக்கும் பங்கிட்டவனும் நானே. கொத்தனார் ஒரு பையைத் தூக்க முயன்றார். வரவில்லை. வேர் பையைத் துளைத்து, மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டு இடுக்கில் ஆழமாக இறங்கியிருந்தது.

மிச்சமிருந்த நீலத்தை அந்த இடுக்கில் ஊற்றினோம். மறுநாள் காலை காலண்டர் சுவரில் நீலம் இறங்கியிருந்தது. மாலையில் என் கூரையிலும் தெரிந்தது.

"நீலம் ஒரிஜினல்தான் போல," என்று ஒப்புக்கொண்ட அரியலூர்க்காரர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்க தீர்மானத்துப்படி பாத்தா, கத்திரிச்செடிக்குத்தான் தம்பி நோட்டீஸ் குடுக்கணும்."

துபாய்க்கு அழைத்து உண்மையைச் சொன்னேன். எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது.

"யா அல்லாஹ்! தண்ணி ஊத்துனது நீங்க, காலி பண்றது அந்தம்மாவா? இருக்கச் சொல்லுங்க சார், இருக்கச் சொல்லுங்க. சுவர மட்டும் பூசிக் குடுத்துடுங்க."

அன்று மாலையே கூட்டம் கூட்டி, என் தீர்மானத்தை நானே திரும்பப் பெற்றேன். செவிலியரின் சுவர் என் பொறுப்பு என்று எழுதினேன். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. ஆகவே ஓடு பதிக்கும் வேலை ஆறு வீட்டுக்கும் பொது. கசிவைக் கண்டவர் வாடகைக்கு இருப்பவரானாலும் அச்சமின்றிச் சொல்லலாம். அதற்காக யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி வரிக்காக உரிமையாளர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேச வேண்டியிருந்தது.

அரியலூர்க்காரர் மட்டும் கையெழுத்திடத் தயங்கினார். "தோட்டம் வெச்சது நீங்க. நான் ஏன் ஓடு பதிக்கணும்?"

செவிலியர் முதன்முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தார். "சார், போன வாரம் உங்க வூட்டு கத்திரிக்காக் கொழம்பு வாசம் எங்க மாடி வரைக்கும் வந்துச்சுங்களே."

அரியலூர்க்காரர் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

சுவர் பூசி, வெள்ளையடித்து முடிந்த நாளில் செவிலியரின் மகள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் இரண்டு காலண்டர்கள்.

"ஒண்ணு போதுமாம் எங்களுக்கு. எக்ஸாமுக்கு நாள் எண்ண. இத உங்க ரூம்ல அந்த நீலத்து மேல மாட்டிக்கச் சொன்னாங்க அம்மா."

"கூரையில எப்படிம்மா மாட்டுறது?"

"அது தெரியாதுங்க. செயலாளர் நீங்கதானே, ஒரு தீர்மானம் போடுங்க."