நான்காவது முறை கிளம்பியபோது: லஹ்பாப் மணல்மேட்டில் ஒரு ராத்திரி

பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கினால் மனதுக்கு நிம்மதி என்று இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் யாருக்கும் என் வீட்டுக்காரர் மாதிரி ஒருவர் வாய்க்கவில்லை என்று நினைக்கிறேன். போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் போய்விட்டு வந்தோம். போகத் திட்டம் போடுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நடுநடுவே என் எரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் துபாயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வீட்டுக்காரர் அமலன், ஏசி டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். இப்போது இருப்பது அல் குசைஸில், ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில். மகள் ஷெரினுக்குப் பதினொரு வயது. அவள் வகுப்பில் கூடாரத்தில் படுத்து எழும்பாத பிள்ளை இவள் ஒருத்திதானாம். அவள் கேட்டதும் பெரிய விஷயமில்லை. ஒரு முழு ராத்திரி கூடாரத்தில் தூங்க வேண்டும், விடிந்ததும் மணல்மேட்டில் ஏறிச் சூரியன் வருவதைப் பார்க்க வேண்டும். இரண்டு குளிர்காலமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன் மூன்று தடவை கிளம்பினோம். முதல் தடவை லிஃப்டில் இறங்கும்போது வார்டிலிருந்து எனக்கு போன் வந்தது. இரண்டாம் தடவை காரில் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு. மூன்றாம் தடவை லஹ்பாப் வரை போய், கரக் டீயைக் கையில் வாங்கிய நேரத்தில் வந்தது. வழியெல்லாம் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டே திரும்பி ஓட்டினார் அமலன்.

வரமாட்டேன் என்று சொல்லவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வார்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. ஊரில் ஒருத்தியின் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அவள் அன்றைக்கே விமானம் ஏறுவாள், அவளுடைய டியூட்டியை மிச்சம் இருக்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம். என் அப்பா இறந்தபோது என்னுடைய ஒன்பது டியூட்டியை அப்படித்தான் பார்த்தார்கள். அதில் மூன்று இன்சார்ஜ் லிஸி சேச்சி பார்த்தது. கோட்டயத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் "மோளே" என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டால் என் வாயில் முடியாது என்ற வார்த்தை வராது. கூப்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும்.

இந்தத் தடவை முன்னாடியே இரண்டு நைட் டியூட்டி அதிகம் பார்த்து, சனி ஞாயிறு இரண்டையும் ரோஸ்டரில் ஆஃப் வாங்கி வைத்திருந்தேன். அரசாங்கப் பூங்கா ஒன்றின் முகாம் திடலில் இடம் பதிவு செய்தோம். ஒரு ராத்திரிக்கு 120 திர்ஹாம், ஒரு கூடாரம், ஒரு கார், ஆறு பேர் வரை. பெயர் வேண்டாம், பிறகு யாராவது சண்டைக்கு வருவார்கள். அல் குசைஸிலிருந்து 61 கிலோமீட்டர், ஹத்தா ரோட்டில் லஹ்பாப் தாண்டி வலது பக்கம். கடைசி இரண்டு கிலோமீட்டர் இறுகிய மண் பாதை, சாதாரண கார் தாராளமாகப் போகும்.

மதியம் ஒன்றரைக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கிளம்பியது இரண்டு ஐம்பதுக்கு. காரணம், ரைஸ் குக்கர். பாலைவனத்துக்கு எதற்கு கரண்ட் ரைஸ் குக்கர் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன்.

"வெப்சைட்ல மின் வசதி உண்டுன்னு போட்டிருக்குல்லா? சுடுசோறு இல்லாம மீன் கொழம்ப எதுல ஊத்தித் தின்ன?" என்றார் அமலன். இருபத்தைந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். போய்ப் பார்த்தால் மின் வசதி கேரவன் வண்டிகளுக்கு மட்டும், அதுவும் எங்கள் இடத்திலிருந்து அறுபது மீட்டர் தள்ளி. அவர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தை அளந்து பார்த்தாரே, அந்தக் காட்சிக்கு நான் சிரித்திருக்க வேண்டும். அப்போது சிரிப்பு வரவில்லை.

நாலு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இடம் நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். செம்மண் நிறத்தில் மணல்மேடு கிழக்கே உயர்ந்து நிற்கிறது, ஏறப் பத்து நிமிடம் ஆகும். கழிவறை சுத்தமாக இருந்தது. தண்ணீர்க் குழாய் இருக்கிறது, குடிக்க ஆகாது. விறகு கேட்டிலேயே ஒரு கட்டு 25 திர்ஹாம். லஹ்பாப் கடைகளில் அதே கட்டு 15, ஆகவே அங்கேயே வாங்கிவிடுங்கள்.

இனி கூடாரக் கதை. எங்கள் ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது. ராத்திரியில் கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று அடிக்கும், அதாவது மேற்கிலிருந்து வரும். அமலன் பதினான்கு வயதிலிருந்து ஐந்து வருடம் அவர் அப்பாவோடு வள்ளத்தில் போனவர். காற்று விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

"ஏளா, ராத்திரி கரைக்காத்து மேக்க இருந்துதான் வரும். கூடாரத்து முதுக மேக்க வச்சு, வாசலக் கெழக்க வச்சா ஒரு பொட்டு மண்ணு உள்ள வராது."

"ஏங்க, இங்க கடல் மேக்கலா இருக்கு?"

"காத்தப் பத்தி எனக்குச் சொல்லித் தராத, என்ன?"

பதிமூன்று வருடமாக ஜுமேரா கடற்கரையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கிற மனிதர். எத்தனை போட்டோ எடுத்திருக்கிறார்! ஆனாலும் காற்று என்றதும் அவர் உடம்பு தூத்துக்குடிக்குப் போய்விடுகிறது.

திடலைப் பார்த்துக்கொள்ளும் காவலர் பெஷாவர்க்காரர், வயதானவர், எங்களைப் பார்த்துவிட்டு நடந்து வந்தார். மணல்மேட்டுப் பக்கம் கையைக் காட்டி, "பாய், ராத் கோ ஹவா உதர் சே" என்றார். ராத்திரியில் காற்று அங்கிருந்துதான் வரும், வாசலைத் திருப்பி வையுங்கள் என்று கையாலும் காட்டினார்.

"அச்சா பாய், மாலூம், மாலூம்" என்றார் அமலன், எல்லாம் தெரியும் என்று முளையை அடித்துக்கொண்டே. காவலர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் மணலில் நிற்காது, இழுத்தால் கையோடு வந்துவிடும். அமலன் நாலு பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தார். நங்கூரமே போட்டுவிட்டார். அது அசையவில்லை. திசை தப்பாக இருந்தாலும் கட்டு பலமான கட்டு.

ஐந்தரைக்குச் சூரியன் மறைந்தது. பக்கத்து இடங்களில் நாலு காரில் வந்த பையன்கள் ஸ்பீக்கரை வைத்து, அமைதி தேடி வந்த எங்கள் மூவருக்கும் சேர்த்துப் பாட்டுப் போட்டார்கள். வெளியே நாலு சக்கர குவாட் பைக் ஓட்டுகிறவர்கள் வேலி ஓரமாக ஏழு மணி வரை சுற்றினார்கள். ஷெரினுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. கூடாரத்துக்குள் போவாள், வருவாள், ஜிப்பை மூடுவாள், திறப்பாள். "அம்மா, திஸ் இஸ் மை சைட், ஓகே?" என்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழே காலுக்குக் காற்று நின்றது. ஏழரைக்கு, காவலர் சொன்ன அதே மணல்மேட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பியது. அப்போதுதான் மீன் குழம்பைக் கரியில் சுட வைத்து, குப்பூஸ் ரொட்டியைப் பிரித்திருந்தேன். திறந்திருந்த வாசல் வழியாக மணல் உள்ளே போனது, படுக்கைப் பைகளின் மேல் ஒரு விரல் கனம். குழம்பிலும் விழுந்தது.

"வந்துட்டா உங்க கரைக்காத்து?"

அமலன் முகத்து மணலை வழித்தார். "காத்து சரியாத்தாம்ளா வருது. கடல்தான் எடம் மாறிக் கெடக்கு."

நாலு நங்கூரத்தையும் தோண்டி எடுத்து, கூடாரத்தைத் திருப்பி, மறுபடி புதைத்து முடிக்க எட்டேகால் ஆகிவிட்டது. கண்ணில் மணல், பல்லில் மணல். காவலர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்காகவே அவருக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுத்தேன். இனிமேல் இந்த மனிதரோடு எங்கேயும் போவதில்லை என்று முடிவெடுத்து, நானும் குப்பூஸை மணலோடு மென்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் போன் அடித்தது. லிஸி சேச்சி.

"மோளே, ஒரு ஹெல்ப். நைட்டுக்கு வந்த நர்ஸ் குட்டி வாந்தி எடுத்து மயங்கி விழுந்து, எமர்ஜென்சியில கிடக்குது. இருபத்திரெண்டு பேஷண்ட், ரெண்டு பேர்தான் இருக்கோம். பத்து மணிக்குள்ள வரான் பற்றுமோ, வர முடியுமா?"

நான் "சேச்சி..." என்று மட்டும்தான் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த ஷெரின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூடாரத்துக்குள் போய், தன் படுக்கைப் பையை உதறி, மடித்துச் சுருட்ட ஆரம்பித்தாள். அடுத்து என்னுடையதை எடுத்தாள். அழவில்லை, முணுமுணுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அமலன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு, கரியை அணைக்க நிற்கிறார்.

அவள் அழுது அடம் பிடித்திருந்தால் அதட்டிக் காரில் ஏற்றியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். போன் அடித்தால் சுருட்ட வேண்டும் என்று பிள்ளைக்கு நான் பழக்கிவிட்டிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"சேச்சி, இன்னைக்கு என்னால வர முடியாது" என்றேன்.

நான் காரணம் சொல்வேன் என்று காத்திருக்கிறார் என்று புரிந்தது. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், கார் மணலில் மாட்டிக்கொண்டது என்றும் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். "மகள்கூட வெளிய வந்திருக்கேன் சேச்சி" என்று மட்டும் சொன்னேன்.

"சரி மோளே" என்று வைத்துவிட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது. என் அப்பா செத்தபோது எனக்காக மூன்று ராத்திரி நின்றவர். எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த ராத்திரி இருபத்திரண்டு பேஷண்டும் என் கண்ணுக்குள்ளேயே இருந்தார்கள்.

ஷெரின் சுருட்டிய பையோடு வெளியே வந்தாள். "இட்ஸ் ஓகே அம்மா. நெக்ஸ்ட் டைம் வரலாம்."

"போகல மக்களே. இங்கதான் தூங்கப் போறோம்."

"அப்போ உங்க டியூட்டி?"

"வரலன்னு சொல்லிட்டேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள், அவர் நிஜம்தான் என்று தலையாட்டுகிறாரா என்று. அமலன் கேனைக் கீழே வைத்துவிட்டு, "படுக்கைய விரிங்க மக்களே" என்றார். விரித்தாள். ஆனால் மெதுவாக விரித்தாள்.

பத்து மணிக்கு ஸ்பீக்கர் நின்றது. குளிர் பதிமூன்று டிகிரி, ஒரு கம்பளி போதாது, ஆளுக்கு இரண்டு கொண்டு போங்கள். நான் சரியாகத் தூங்கவில்லை. அமலன் குறட்டை விட்டார்.

ஆறு மணிக்கு அவளை எழுப்பப் போர்வையை விலக்கினேன். ஷூ போட்டுக்கொண்டு தூங்கியிருந்தாள். லேஸ் இரட்டை முடிச்சு. ஸ்வெட்டர் மேல் ஸ்கூல் ஜாக்கெட், ஜிப் கழுத்து வரை. தலைமாட்டில் அவளுடைய தோள்பை, பல் பிரஷ் உட்பட எல்லாம் உள்ளே. நடு ராத்திரியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவேன் என்று தயாராகப் படுத்திருக்கிறாள். நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை.

பிறகு எழுப்பினேன், மூவரும் மேட்டில் ஏறினோம். ஆறு ஐம்பத்தைந்துக்குச் சூரியன் வந்தது. அவள் முழுதாகப் பார்த்தாள். இடையில் இரண்டு தடவை என் கையில் இருந்த போனையும் பார்த்தாள்.

திங்கள்கிழமை சேச்சிக்கு மீன் ஊறுகாய் கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் அளந்து பேசினார், மூன்றாம் நாள் சரியாகிவிட்டார். அடுத்த இரண்டு நைட் நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போகலாம், அதற்குப் பிறகு பகலில் உட்கார முடியாது. மூன்று மணிக்கு முன் போய்ச் சேருங்கள், வெளிச்சத்தில் கூடாரம் போட்டுவிடலாம். வாசலை மேற்கே வையுங்கள், ஊரில் நீங்கள் எந்தக் கடலைப் பார்த்து வளர்ந்திருந்தாலும் சரி. காவலர் சொல்வதைக் கேளுங்கள். ரைஸ் குக்கர் வேண்டாம், குப்பூஸ் போதும். ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிதண்ணீர், மணல் நிரப்ப நாலு கெட்டிப் பைகள், இரண்டு டார்ச். விறகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 210 திர்ஹாம், பெட்ரோல் தனி.

செல்போன் சிக்னல் திடல் முழுவதும் நன்றாகக் கிடைக்கிறது. அவசரத்துக்கு வீட்டுக்காரர் போன் போதும், உங்களுடையதைப் போனவுடன் அணைத்துவிடுங்கள். பிள்ளை பார்க்க அணையுங்கள்.