பிஸ்கட் டின்னும் கிணற்றுச் சாவியும்

அந்தக் காலத்தில் சிராங்கூன் சாலை மாட்டுக்கொட்டகையில் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். துறைமுகத்துச் சுமை எந்த வண்டிக்கு என்று அவர்தான் சொல்வார். கிணற்றடிப் பூட்டின் சாவியும் அவர் இடுப்பில்தான். ஏன் எல்லாம் உங்கள் சொந்தக்காரர்களுக்கே என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து என் வண்டிக்குச் சுமை இல்லை. மாடுகள் எலும்பும் தோலுமாகிவிட்டன.

அமெரிக்கக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் நாகூர்க் கடைக்காரர்தான் அந்த ஊர்க் கதையைச் சொன்னார். அங்கே ராஜா கிடையாதாம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்களே அதிபரைத் தேர்ந்தெடுப்பார்களாம். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று எவனுக்கும் தெரியாதாம். அந்த அதிபரும் இஷ்டத்துக்கு ஆட முடியாதாம். சபையும் நீதிமன்றமும் மூக்கணாங்கயிறு மாதிரி பிடித்து இழுக்குமாம். நமக்கும் ஒரு தேர்தல் வைப்போம் என்று மேஸ்திரியிடமே போய்ச் சொன்னேன். தனக்கு எதிராக எவன் போடுவான் என்ற திமிரில் அவரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். நான் தோற்றால் கொட்டகையை விட்டே போய்விட வேண்டும், அவர் தோற்றால் சாவி எனக்கு என்பது பேச்சு.

சாக்குத் திரைக்குப் பின்னால் கடைக்காரரின் பிஸ்கட் டின். புளியங்கொட்டை போட்டால் மேஸ்திரிக்கு, கொண்டைக்கடலை போட்டால் எனக்கு. மேஸ்திரியின் மச்சான்மார் மாடு விரட்டும் தார்க்கோலோடு வாசலில் நின்றார்கள்.

முதல் வண்டிக்காரர் திரைக்குப் போகிற வழியில் நின்றார். தோள் துண்டை இறக்கி மேஸ்திரியைக் கும்பிட்டார்.

"அண்ணே, இந்த வாட்டி அவனுக்குப் போடுறேன். மனசுல வச்சுக்காதீங்க."

அடப்பாவி, அதற்குத்தானே திரை! எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்தவரும் கும்பிட்டார், அதற்கடுத்தவரும். மேஸ்திரி கையால் தாலி எடுத்துக் கொடுக்கக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் அவர்கள். எதிராகப் போடுவது தப்பில்லை, சொல்லாமல் போடுவதுதான் துரோகம் என்று நினைத்தார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் மேஸ்திரியின் முகம் கறுத்துக்கொண்டே போனது. மச்சான்மார் வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

கடைக்காரர் டின்னைக் கவிழ்த்தார். எண்ணவே வேண்டியிருக்கவில்லை, சொந்தக்காரர்களின் நாலைந்து புளியங்கொட்டை தவிர அத்தனையும் கடலை. மேஸ்திரி எழுந்து நேரே என்னிடம் வந்தார்.

"அந்த ஊர்ல தோத்தவன் என்னடா பண்ணுவான்?"

வீட்டுக்குப் போவார், அடுத்த தேர்தலில் மறுபடி நிற்பார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"அப்ப அடுத்த வருஷமும் டின்னு வைப்பியா?"

சத்தியமாக அதை நான் யோசித்திருக்கவில்லை. ஜெயிப்பதோடு கதை முடிந்தது என்றுதான் இருந்தேன்.

"வைப்பேண்ணே."

"எனக்கு எதிரா போட்டவன் எல்லாம் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போட்டான். நீயும் எல்லார் முன்னாலயும் சொல்லு."

கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவர் மச்சான்மாரைத் திரும்பிப் பார்த்தார். தார்க்கோல்கள் தாழ்ந்தன. இடுப்புச் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் தன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, கிணற்றடி வரிசையில் கடைசி ஆளாக நின்றார். நான் பூட்டைத் திறந்து, வரிசையில் முதல் ஆளைக் கூப்பிட்டேன்.