மாமனாரின் நாயும் நானும்

மலையாள எல்லையோர ஊரான நல்லேப்பிள்ளிக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போனபோது அந்த வீட்டில் என்னை ஒத்துக்கொள்ளாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். மாமியார் அல்ல. அவர் வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. வாசல் ஓரத்தில் சங்கிலியில் கிடந்த செவலை நாய்தான் என்னை அந்நியமாகப் பார்த்தது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் குரைக்கும். திரும்பி வந்தாலும் குரைக்கும். கட்டிக்கொண்டு வந்தவளா, கட்டிக்கொண்டு போக வந்தவளா என்ற சந்தேகம் அதற்குத் தீரவே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. தோப்பில் தேங்காய்த் திருட்டு அதிகம் என்று மாமனார் அதைக் குட்டியாக எடுத்து வந்திருந்தார். காவல் நாயைப் பழக்க எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பகலெல்லாம் கட்டிப்போட வேண்டும், இருட்டினால்தான் அவிழ்த்துவிட வேண்டும். யாரும் தடவிக் கொடுக்கக் கூடாது. சோறு ஒரே கைதான் போட வேண்டும். அந்தக் கைக்கு உரியவரைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாரும் அதற்கு எதிரி. மாமனார் இதை அட்சரம் பிசகாமல் செய்தார். திருடர்கள் வருவது நின்றது. சொந்தக்காரர்கள் வருவதும் நின்றது. “கொரைக்கிற நாய் கடிக்காதுங்க” என்று சொல்லிக்கொண்டே வாசலில் கால் வைத்த மாட்டுத் தரகர் நொண்டிக்கொண்டுதான் திரும்பிப் போனார்.

ஊர் அதை முரட்டு நாய் என்றது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயில் வேலாத் திருவிழாவுக்கு வெடிக்கட்டு, அதுதான் வாணவேடிக்கை, தொடங்கினால் போதும், அந்த முரடன் மாமனாரின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். உடம்பெல்லாம் நடுங்கும், இருந்த இடத்திலேயே ஈரம் பண்ணிவிடும். அவர் ஒரு கையைக் கீழே தொங்கவிட்டு அதன் தலையில் வைத்துக்கொண்டே படுத்திருப்பார். சத்தம் போடுகிறவர்கள் எல்லாம் பயந்தவர்கள்தான் என்பது என் கட்சி. மனிதர்களிலும் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பெயர் வைக்கவில்லை. மாமனார் ‘டேய்’ என்பார், அது வரும். அந்தக் காலத்தில் மாமனார் மருமகளோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியாரிடம் சொல்வார், மாமியார் இல்லாவிட்டால் நாயிடம் சொல்வார். “டேய், இன்னைக்கு ரசத்துல உப்புக் கம்மியாட்டம் இருக்குது.” “டேய், சித்தூரு போய்ட்டுப் பொழுதோட வந்தர்றேன்.” நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொள்வேன். அடுத்த முறை ரசத்தில் உப்பு சரியாக இருக்கும். என் பதில் அதுதான்.

இப்படி எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போன நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒரு யோசனை சொன்னார். “சோத்தை உருண்டை புடிச்சுக் கக்கத்துல கொஞ்ச நேரம் வெச்சிருந்து போடு அம்மிணி. உன்ற வேர்வை உள்ள போச்சுன்னா அப்புறம் உன்ற காலையே சுத்தும்.” நானும் செய்தேன். கையை ஒடுக்கிக்கொண்டு நான் வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்து, சுளுக்கா என்று மாமியார் கேட்டார். உருண்டையை நாய்க்கு முன்னால் தள்ளினேன். அது முகர்ந்தது, என்னைப் பார்த்தது, உருண்டைக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. காக்கைதான் தின்றது. என்னை அவ்வளவு அவமானப்படுத்தியவர் வேறு யாருமில்லை.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் புறப்படும்போது மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். “கொழந்தை இந்த ஊட்டுக்கு வந்துட்டா நாயி இருக்கப் படாது. பச்சைப் புள்ளையும் அதும் ஒண்ணா இருக்க நான் ஒத்துக்க மாட்டேன்.” தப்பென்று சொல்ல முடியாது. மாட்டுப்பட்டி மலைப் பக்கம் பால்மாடு வாங்க அடிக்கடி போய்வரும் சொந்தக்காரர் ஒருவர், அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மலையில் விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். கட்டிலடியில் நடுங்குகிற நாய் அந்தக் குளிரில் எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று மாமனார் நாயிடம்கூடப் பேசவில்லை.

மகள் பிறந்தாள். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்த மாட்டார்கள், பெரியவர்கள் உடுத்தி உடுத்திப் பூவாகிப்போன பழைய வேட்டிதான் வேண்டும். அவர்கள் ஆயுசு பிள்ளைக்கும் வரும் என்பார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு நான் நல்லேப்பிள்ளிக்குத் திரும்பிய அன்று, மாமனார் அதுவரை உடுத்தியிருந்த வேட்டியையே உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டினார்கள். அந்தச் சொந்தக்காரர் லாரியோடு மறுநாள் வருவதாக இருந்தது.

மறுநாள் காலை மாமனார் சித்தூருக்குப் போயிருந்தார். வழக்கம்போல் நாயிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. நாயை ஏற்றிக்கொண்டு போகும் நேரத்தில் வீட்டில் இருக்க அவருக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வயலில், மாமியார் வாய்க்காலில். குழந்தை தூங்கினாள். நான் கிணற்றடியில் இருந்தபோது அவள் அழும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தால், சங்கிலி அறுந்து கிடக்கிறது, நாயைக் காணோம்.

அது தொட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

கிட்டே போனேன், பல்லைக் காட்டி உறுமியது. ஓரடி பின்வாங்கினேன், உறுமல் நின்றது. குழந்தை வீறிட்டாள். நாய் தலையைத் தூக்கித் தொட்டில் துணியை முகர்ந்தது, மெல்ல முனகியது, மறுபடி என்னைப் பார்த்து உறுமியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது கடிக்க வரவில்லை, காவலுக்கு வந்திருக்கிறது. அந்தத் துணிக்குள் அழுவது தன் எஜமானுடைய ஏதோ ஒன்று. பெற்றவள் நான்தான் அதற்கு அந்நியம். சொல்லிக் கொடுத்ததை அது சரியாகத்தான் செய்தது.

முதலில் பயம். பிறகு கோபம், என் மார்பு பால் கட்டிக் கடுக்கும்போது என் பிள்ளையை எனக்குத் தர மறுக்க இது யார் என்று. விறகுக் கட்டையைக் கையில் எடுத்தேன். அடித்திருந்தால் அது பாய்ந்திருக்கும், தொட்டில் நடுவில் இருந்தது. கட்டையைப் போட்டுவிட்டேன். மாமனாரின் வியர்வைத் துண்டு கதவில் தொங்கியது.

மாமனார் துண்டை மருமகள் துவைக்கலாம், மடிக்கலாம். தோளில் போடக் கூடாது. அப்படி ஒன்று யாருக்கும் தோன்றக்கூடத் தோன்றாது. நான் எடுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் குரல் மாதிரியே அடித்தொண்டையில், “டேய், தள்ளு” என்றேன். நாய் குழம்பிப்போய் என் முழங்கால்வரை வந்து முகர்ந்தது. அதன் மூச்சு என் காலில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது நகர்ந்து வழி விட்டிருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. நானும்தான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, துண்டால் மூடிக்கொண்டு, மகளுக்குப் பால் கொடுத்தேன். நாய் என் கால்மாட்டில் படுத்தது. அப்போது மாமனார் வந்துவிட்டார். சித்தூர்வரை போக முடியாமல் பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறார். நிலைப்படியில் ஒரு கணம் நின்றவர் எல்லாவற்றையும் பார்த்தார், அறுந்த சங்கிலியை, தரையில் கிடந்த விறகுக் கட்டையை, என் மேலிருந்த தன் துண்டை. சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பு கூசிச் சுருங்கியது. எழுந்திருக்கவும் முடியாது, துண்டை எடுக்கவும் முடியாது.

வெளியே பார்த்தபடியே அவர் பேசினார்.

“அம்மிணி, புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்லீங்க மாமா.”

அறுந்த சங்கிலியைக் குனிந்து எடுத்தார்.

“அது கெட்டது இல்லீம்மா. நாந்தான் அப்படிப் பழக்கீட்டேன்.”

அந்த வீட்டில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் இவை. பெரிய மனுஷர் ஒருவர் மருமகளிடம் முதுகைக் காட்டிக்கொண்டு கெஞ்சுவதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் லாரி வந்து நின்றது. மாமியார் என்னைப் பார்த்தார், மாமனார் தரையைப் பார்த்தார். ஆண்கள் இருக்கும் இடத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது. அன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“நாயி வராதுங்க அண்ணா. அது எங்க ஊட்டுப் புள்ளையைப் பாத்துக்கோணும்” என்றேன்.